ஓம் பார்த்து இணையுங்கள், வாட் பார்த்து ஓட்டுங்கள்: ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கரையும் சேர்ப்பவர்களுக்கு

8 ஓம் ஸ்பீக்கர் ஓடிக்கொண்டிருக்கும் ஆம்ப்ளிஃபயரில் இன்னொரு 8 ஓம் ஸ்பீக்கரையும் அதே முனைகளில் கட்டினால் சத்தம் உடனே கூடும். இன்னும் இரண்டு கட்டினால் இன்னும் கூடும். கொஞ்ச நேரத்தில் ஹீட்சிங்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) கை வைக்க முடியாது. அப்புறம் சத்தம் விட்டு விட்டு வரும், கடைசியில் ஆம்ப்ளிஃபயரின் ஐசி (ஒலியைப் பெருக்கும் சிப்) போய்விடும். போகும்போது அவுட்புட்டில் முழு டிசி வோல்டேஜை விட்டால் ஸ்பீக்கரின் வாய்ஸ் காயிலும் (கோனை ஆட்டும் கம்பிச்சுருள்) சேர்ந்தே எரியும்.

ஆசைப்பட்டது கூடுதல் சத்தத்துக்குத்தான். அந்த ஆசையில் தவறு இல்லை. கணக்கைக் கலந்துவிடுவதுதான் சிக்கல். இங்கே மூன்று கணக்குகள் தனித்தனியாக இருக்கின்றன. ஓம் என்பது ஆம்ப்ளிஃபயர் பிழைக்குமா என்ற கணக்கு. வாட் என்பது ஸ்பீக்கர் பிழைக்குமா என்ற கணக்கு. காதுக்கு எவ்வளவு கேட்கும் என்பதை டெசிபல் சொல்லும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் வாட்டை மட்டும் பார்த்து வாங்குகிறார்கள். இந்தக் கட்டுரை ஓமிலிருந்து தொடங்குகிறது. வயரைத் தொடும் முன் பார்க்க வேண்டியது அதைத்தான்.

ஓம்: லேபிளும் மீட்டரும்

ஸ்பீக்கரின் காந்தத்துக்குப் பின்னால் 4 ஓம், 6 ஓம், 8 ஓம் என்று அச்சிட்டிருக்கும். அழிந்துபோயிருந்தால் மல்டிமீட்டரை 200 ஓம் நிலையில் வைத்து அளக்கலாம். முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். 0.3 அல்லது 0.4 என்று காட்டும், அது மீட்டர் வயரின் ரெசிஸ்டன்ஸ். வருகிற அளவிலிருந்து அதைக் கழித்துவிட வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கர் 5.5 முதல் 7 வரை காட்டும். 4 ஓம் என்றால் 3 முதல் 3.7 வரை. குறைவாகக் காட்டுகிறதே, கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். மீட்டர் அளப்பது காயில் கம்பியின் டிசி ரெசிஸ்டன்ஸை மட்டும்தான். பாட்டு ஓடும்போது வரும் இம்பீடன்ஸ் (ஒலி மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் மொத்தத் தடை) அதைவிடக் கூடுதல், ஒவ்வொரு ஃப்ரீக்வென்சியிலும் அது மாறிக்கொண்டே இருக்கும். லேபிளில் இருப்பது பெயரளவு எண். சர்வதேசத் தரவிதிப்படி இம்பீடன்ஸ் அந்த எண்ணின் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. அதாவது 8 ஓம் ஸ்பீக்கர் எந்த இடத்திலும் 6.4 ஓமுக்குக் குறையக்கூடாது.

மேல் ஒலிக்கான சின்ன ஸ்பீக்கராகிய ட்வீட்டரின் வயரில் கெபாசிட்டர் இருந்தால் மீட்டர் ஒன்றுமே காட்டாது. கெபாசிட்டர் டிசியை விடாது, அவ்வளவுதான். கெபாசிட்டரைத் தாண்டி ட்வீட்டரின் முனையிலேயே வைத்து அளக்க வேண்டும்.

இனி ஆம்ப்ளிஃபயர் பக்கம். பின்னால் ‘4–8 ஓம்’ என்றோ ‘குறைந்தபட்சம் 4 ஓம்’ என்றோ இருக்கும். அதில் சிறிய எண்தான் எல்லைக்கோடு. ஸ்பீக்கரின் ஓம் அந்த எண்ணுக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கலாம், கீழே போகக்கூடாது. 4 ஓம் ஆம்ப்ளிஃபயரில் 8 ஓம் ஸ்பீக்கரைக் கட்டினால் வாட் பாதியாகும், வேறு எந்தக் கேடும் வராது. 8 ஓம் மட்டுமே தாங்கும் ஆம்ப்ளிஃபயரில் 4 ஓமைக் கட்டுவதுதான் ஆபத்து. ஏன் என்று எண்ணில் பாருங்கள். அவுட்புட்டில் 20 வோல்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 8 ஓமில் 2.5 ஆம்பியர் ஓடும், 50 வாட். 4 ஓமில் 5 ஆம்பியர், 100 வாட். 2 ஓமில் 10 ஆம்பியர், 200 வாட். வோல்டேஜ் அதேதான், கரண்ட்தான் ஏறுகிறது. அந்தக் கரண்ட் முழுவதும் அவுட்புட் டிரான்சிஸ்டர் வழியாகவும் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகவும் போயாக வேண்டும். அவை அதற்குச் செய்யப்பட்டிருக்காவிட்டால் சூடேறி முடிந்துபோகும்.

வால்வு ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்களுக்கு இந்த விதி பொருந்தாது. அதில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் 4, 8, 16 ஓம் முனைகளில் ஸ்பீக்கருக்குச் சரியானதில்தான் கட்ட வேண்டும். ஸ்பீக்கர் கட்டாமல் அதை ஓட்டவே கூடாது.

ஒன்றுக்கு மேல் ஸ்பீக்கர் கட்டும்போது

சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) கட்டினால் ஓம் கூடும்: 8 + 8 = 16. பேரலலில் (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) ஒரே மாதிரி இரண்டு கட்டினால் பாதியாகும்: 8 ஓம் இரண்டு 4 ஓம் ஆகும், 4 ஓம் இரண்டு 2 ஓம் ஆகும். ஓம் வேறுபட்டால் இரண்டையும் பெருக்கிக் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 8, 4 என்றால் 32 வகுத்தல் 12, அதாவது 2.67 ஓம். நான்கு 8 ஓம் ஸ்பீக்கர்கள் இருந்தால் இரண்டிரண்டாக சீரிஸ் செய்து, அந்த இரண்டு ஜோடிகளையும் பேரலலாக்குங்கள். மறுபடியும் 8 ஓமே வரும், வாட் நான்குக்கும் சமமாகப் பிரியும். நான்கு ஸ்பீக்கர் கட்டுவதற்கு இதைவிடப் பத்திரமான வழி இல்லை.

ஓம் வேறுபட்டவற்றைக் கலப்பதில் இன்னொரு சிக்கல், வாட் சமமாகப் பிரியாது. 8-ஐயும் 4-ஐயும் பேரலலில் கட்டினால் மூன்றில் இரண்டு பங்கு வாட்டை 4 ஓம் ஸ்பீக்கர் இழுத்துக்கொள்ளும். சீரிஸில் கட்டினால் தலைகீழ், 8 ஓம்தான் பெரும்பங்கு வாங்கும். எது அதிகம் வாங்குகிறதோ அதுதான் முதலில் போகும். அதனால் ஒரே சேனலில் ஒரே மாடல் ஸ்பீக்கர்களை மட்டும் கட்டுங்கள். வெவ்வேறு மாடல்களை சீரிஸில் கட்டவே வேண்டாம். ஒன்றின் இம்பீடன்ஸ் ஏற்றஇறக்கம் இன்னொன்றின் ஒலியைக் கெடுக்கும்.

இங்கே பலர் ஏமாறும் விஷயம் ஒன்று உண்டு. இரண்டு ஸ்பீக்கரைச் சேர்த்தாலே சத்தம் இரட்டிப்பாகும் என்று நினைக்கிறார்கள். பேரலலில் இரண்டுக்கும் முழு வோல்டேஜ் போகிறது. அருகருகே வைத்தால் பேஸ் பகுதியில் 6 டெசிபல் வரை கூடும், ஆனால் ஆம்ப்ளிஃபயரிடமிருந்து இரண்டு மடங்கு கரண்டை வாங்கித்தான் அது கூடுகிறது. சீரிஸில் ஒவ்வொன்றுக்கும் பாதி வோல்டேஜ்தான் போகும். இரண்டும் சேர்ந்து எழுப்பும் சத்தம் முன்பு ஒற்றை ஸ்பீக்கர் எழுப்பிய அளவுதான் இருக்கும். சீரிஸ் இணைப்பு ஆம்ப்ளிஃபயரைக் காப்பாற்றுகிறது, சத்தத்தைக் கூட்டுவதில்லை.

அடிக்கடி வரும் குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். பாக்ஸில் 8 ஓம் வூஃபரும், கெபாசிட்டர் வைத்த 8 ஓம் ட்வீட்டரும் இருந்தால் அது 4 ஓம் ஆகாது. கீழ் ஒலியை வூஃபரும் மேல் ஒலியை ட்வீட்டரும் எடுத்துக்கொள்கின்றன. கிராஸ்ஓவர் (ஒலியை இப்படிப் பிரிக்கும் சர்க்கிட்) சரியாக இருந்தால் அந்த பாக்ஸ் 8 ஓம்தான். ட்வீட்டருக்கு 4.7 மைக்ரோஃபாரட் நான்-போலார் (பிளஸ், மைனஸ் இல்லாத) கெபாசிட்டர் வைத்தால் 8 ஓமில் சுமார் 4200 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதுதான் போகும். அதே கெபாசிட்டரை 4 ஓம் ட்வீட்டருக்கு வைத்தால் வெட்டும் இடம் 8500 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். கெபாசிட்டரே இல்லாமல் ட்வீட்டரை நேரடியாகக் கட்டினால் முதல் பாட்டு முடியும்வரைகூடத் தாங்காது.

வாட்: எந்த எண்ணை நம்புவது

பிஎம்பிஓ (கணநேர உச்ச வாட்) என்று போட்டிருக்கும் எண்ணைத் தள்ளிவிடுங்கள். அதற்கு யாரும் பொதுவாக ஏற்றுக்கொண்ட அளவுமுறை கிடையாது. ஆர்எம்எஸ் அல்லது தொடர் வாட் என்று எழுதியிருப்பதை எடுங்கள். தொழில்முறை ஸ்பீக்கர்களில் புரோகிராம், பீக் என்றும் போட்டிருப்பார்கள். வழக்கமாகப் புரோகிராம் ஆர்எம்எஸ்ஸைப் போல இரண்டு மடங்கு, பீக் நான்கு மடங்கு. ‘400 வாட் பீக்’ என்றால் 100 வாட் ஸ்பீக்கர் என்று படியுங்கள்.

ஆம்ப்ளிஃபயரின் வாட்டை யார் என்ன சொன்னாலும் பவர் சப்ளை பொய் சொல்லாது. 12 வோல்ட் சப்ளையில் ஓடும் சாதாரண ஐசியின் அவுட்புட் மேலே 6 வோல்ட், கீழே 6 வோல்ட்தான் ஆட முடியும். 6-இன் வர்க்கம் 36. அதை ஓமின் இரண்டு மடங்கால், அதாவது 8-ஆல் வகுத்தால் 4 ஓமில் 4.5 வாட். எந்த ஐசி போட்டாலும் இதைத் தாண்டாது. அதே 12 வோல்ட்டில் பிரிட்ஜ் முறையில் ஓடும் ஐசி ஸ்பீக்கரின் இரு முனைகளையும் எதிரெதிராகத் தள்ளுவதால் 12 வோல்ட் வரை ஆடும். 144-ஐ 8-ஆல் வகுத்தால் 18 வாட். நடைமுறையில் இன்னும் கொஞ்சம் குறையும். 12 வோல்ட் போர்டில் ‘300 வாட்’ என்று அச்சிட்டிருந்தால் இந்த இரண்டு வரிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அடாப்டரையும் பாருங்கள்: 12 வோல்ட் 2 ஆம்பியர் என்றால் உள்ளே வருவதே 24 வாட். தொடர்ச்சியாக அதற்கு மேல் வெளியே போக வழியில்லை.

சரி, 100 வாட் ஆர்எம்எஸ் ஸ்பீக்கருக்கு எத்தனை வாட் ஆம்ப்ளிஃபயர்? அந்த ஸ்பீக்கரின் ஓமில் 100 முதல் 150 வாட் தருவது புதியவர்களுக்குச் சரியான அளவு. மேடையில் லிமிட்டர் (அளவு மீறும் ஒலியைத் தானே அடக்கும் கருவி) வைத்து, கவனித்து ஓட்டுகிறவர்கள் 200 வரை போவார்கள். 50 வாட் ஆம்ப்ளிஃபயரும் போதும், ஆனால் அதை முக்க விடக்கூடாது.

‘சின்ன ஆம்ப்தான் ஸ்பீக்கரை எரிக்கும்’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதில் பாதிதான் உண்மை. சின்னதாக இருப்பதால் எரிவதில்லை. பற்றாக்குறையால் வால்யூமை ஏற்றிக்கொண்டே போகிறோம், அலையின் உச்சி சப்ளையில் முட்டித் தட்டையாகிறது. இதைத்தான் கிளிப்பிங் என்கிறோம். முழுக்கத் தட்டையான சதுர அலையில், அதே உயரமுள்ள சைன் அலையைவிட இரண்டு மடங்கு வாட் இருக்கும். 50 வாட் ஆம்ப்ளிஃபயர் முழுக் கிளிப்பிங்கில் 100 வாட்டை நெருங்கும். சாதாரணப் பாட்டின் சராசரி மிகக் குறைவு. 100 வாட் ஆம்ப்ளிஃபயர் கிளிப் ஆகாமல் அதன் உச்சியைத் தொட்டு ஓடும்போதுகூடச் சராசரி பெரும்பாலும் 5 முதல் 20 வாட் வரைதான். அடித்தால் வெடிக்கும் டிரம்ஸ் ஓசை கணநேரம்தான் உச்சிக்குப் போகிறது. கிளிப்பிங்கில் உச்சிகள் வெட்டுப்பட்டு மற்றதெல்லாம் மேலே ஏறிவிடுவதால் காயிலுக்கு ஆற நேரமே கிடைப்பதில்லை. ட்வீட்டர் முதலில் போவதும் இதனால்தான். 100 வாட் பாக்ஸுக்குள் இருந்தாலும் ட்வீட்டர் தன்னளவில் தாங்குவது அதில் சிறு பங்குதான்.

டெசிபல்: வாட்டுக்குச் செலவழிக்கும் முன்

வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான், கவனித்துக் கேட்டால் தெரியும் வித்தியாசம். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும், அதற்கு வாட் பத்து மடங்காக வேண்டும். 50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்கு மாறியவர்கள் ‘பெரிதாக ஒன்றும் தெரியவில்லையே’ என்று சொல்வது நியாயம்தான்.

ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டியைப் பாருங்கள். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்பது அது. 88 டெசிபல் ஸ்பீக்கருக்கு 100 வாட் கொடுத்தால் 108 டெசிபல். 91 டெசிபல் ஸ்பீக்கர் அதே 108-ஐ 50 வாட்டிலேயே தந்துவிடும். ஸ்பீக்கரை மாற்றுவது ஆம்ப்ளிஃபயரை மாற்றுவதைவிடப் பெரிய லாபம் தருவது இப்படித்தான். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 108 என்றால் 4 மீட்டரில் 96. அறைக்குள் சுவர்கள் திருப்பி அனுப்புவதால் இவ்வளவு குறையாது. விவரத்தாளில் ‘2.83 வோல்ட்’ என்று போட்டு ஸ்பீக்கர் 4 ஓமாக இருந்தால் 3 டெசிபலைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள். 2.83 வோல்ட் என்பது 8 ஓமில் 1 வாட், 4 ஓமில் 2 வாட்.

பிரிட்ஜ்: அதிகம் எரிவது இங்கேதான்

இரண்டு சேனலையும் சேர்த்து ஒரே ஸ்பீக்கரை ஓட்டுவது பிரிட்ஜ். வோல்டேஜ் இரட்டிப்பாவதால் கணக்குப்படி நான்கு மடங்கு வாட் வரவேண்டும். சப்ளை தாங்காததால் நடைமுறையில் இரண்டிலிருந்து மூன்று மடங்குதான் வரும். கவனிக்க வேண்டியது இதுதான்: பிரிட்ஜில் ஒவ்வொரு சேனலும் ஸ்பீக்கரின் ஓமில் பாதியைத்தான் உணரும். சேனலுக்கு 4 ஓம் தாங்கும் ஆம்ப்ளிஃபயரை பிரிட்ஜ் செய்தால் 8 ஓம் ஸ்பீக்கர்தான் கட்ட வேண்டும். அதில் 4 ஓமைக் கட்டினால் ஒவ்வொரு சேனலும் 2 ஓமில் திணறும். பிரிட்ஜ் சுவிட்ச் இல்லாத ஆம்ப்ளிஃபயரின் இரண்டு சேனல் அவுட்புட்டுகளையும் வயர் போட்டு இணைத்தால் அது பிரிட்ஜ் ஆகாது, ஷார்ட் ஆகும்.

கார் ஆம்ப்ளிஃபயர் ஐசிகளில் பலவும், டிபிஏ3116 போன்ற கிளாஸ்-டி (வேகமாக ஆன்-ஆஃப் ஆகி ஓடும் வகை) போர்டுகளும் உள்ளேயே பிரிட்ஜாகத்தான் ஓடுகின்றன. இவற்றில் ஸ்பீக்கரின் மைனஸ் முனை கிரவுண்ட் இல்லை, அதுவும் ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட்தான். அதைச் சேசிஸிலோ, மற்ற சேனலின் மைனஸிலோ தொட விடக்கூடாது. பழைய மூன்று வயர் இணைப்பில் இரண்டு மைனஸையும் ஒன்றாக முறுக்கிக் கட்டும் பழக்கம் இங்கே போர்டைக் கொன்றுவிடும். ஆசிலோஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பையும் அந்த முனையில் மாட்டாதீர்கள்.

சப்ளை, ஹீட்சிங்க், வயர்

டபுள் சப்ளைக்கு (கிரவுண்டுக்கு மேலே பிளஸ், கீழே மைனஸ் என இரண்டும் தருவது) டிரான்ஸ்ஃபார்மர் தேர்ந்தெடுக்கும்போது ஏசி வோல்டேஜை 1.4-ஆல் பெருக்கி, டயோடுக்காக ஒரு வோல்ட் கழியுங்கள். 18-0-18 போட்டால் பிளஸ் மைனஸ் 24 வரும். 24-0-24 போட்டால் 33 வரும், லோடு இல்லாதபோது இன்னும் இரண்டு மூன்று ஏறும். டிடிஏ7294 ஐசியை எடுத்துக்கொள்வோம். அதன் தயாரிப்பு விவரத்தாள் 8 ஓமுக்கு பிளஸ் மைனஸ் 35 வோல்ட்டும், 4 ஓமுக்கு 27 வோல்ட்டும் வைத்து 70 வாட் காட்டுகிறது. ஆக 24-0-24 டிரான்ஸ்ஃபார்மர் 8 ஓம் ஸ்பீக்கருக்குப் பொருந்தும். அதே சப்ளையில் 4 ஓமைக் கட்டினால் ஐசி சூட்டில் தானே அணைந்து அணைந்து மறுபடி ஓடும், அல்லது ஒரேயடியாகப் போகும். 4 ஓம்தான் வேண்டுமென்றால் 18-0-18. ஓமுக்கும் சப்ளைக்கும் உள்ள இந்த உறவை விட்டுவிட்டு ஐசியை மட்டும் குறைசொல்வது வழக்கமாகிவிட்டது.

ஃபில்ட்டர் கெபாசிட்டர் சப்ளையைவிடத் தாராளமான வோல்ட்டேஜில் இருக்கட்டும்: 35 வோல்ட் வரும் இடத்தில் 50 வோல்ட் கெபாசிட்டர், ஒரு பக்கத்துக்கு 4700 முதல் 10000 மைக்ரோஃபாரட். இரண்டு சேனலும் சேர்ந்து 100 வாட் என்றால் கிளாஸ் ஏபிக்கு (டிடிஏ7294 போன்றவை) 150 விஏ (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிய அளவு) டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். கிளாஸ்-டிக்கு 24 வோல்ட் 5 ஆம்பியர் சப்ளை போதும், அதில் வீணாகும் சூடு குறைவு.

டிடிஏ7294-இன் உலோக முதுகு மைனஸ் சப்ளையோடு இணைந்தது. மைகாத் தகடும் ஸ்குரூவுக்குப் பிளாஸ்டிக் புஷ்ஷும் போடாமல், கிரவுண்டோடு சேர்ந்த ஹீட்சிங்கில் முறுக்கினால் சுவிட்ச் போட்டதும் ஷார்ட். முறுக்கிய பிறகு ஐசி முதுகுக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே மீட்டர் வைத்து, தொடர்பில்லை என்று உறுதிசெய்த பிறகே சப்ளை கொடுங்கள்.

ஸ்பீக்கர் வயரில் போகவர உள்ள மொத்த ரெசிஸ்டன்ஸ் ஸ்பீக்கர் ஓமின் 5 சதவீதத்துக்குள் இருக்கட்டும். 10 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மி.மீ. செம்பு வயரில் 0.23 ஓம் வரும். 8 ஓமுக்கு அது 3 சதவீதம், கவலையில்லை. 4 ஓமுக்கு 6 சதவீதமாகிவிடும், அங்கே 2.5 சதுர மி.மீ. போடுங்கள். மெல்லிய மணி வயரில் கட்டினால் வாட் வயரிலேயே சூடாகப் போகும்.

நீண்ட தூரத்துக்கு ஹார்ன்களும் சீலிங் ஸ்பீக்கர்களும் வரிசையாகப் போகும் இடங்களில் 100 வோல்ட் லைன் என்ற முறை இருக்கிறது. அங்கே ஓம் கணக்குப் போட வேண்டாம். ஒவ்வொரு ஸ்பீக்கரின் லைன் டிரான்ஸ்ஃபார்மரிலும் தேர்ந்தெடுத்த வாட்டைக் கூட்டி, ஆம்ப்ளிஃபயர் வாட்டின் 80 சதவீதத்துக்குள் நிறுத்தினால் போதும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத 8 ஓம் ஸ்பீக்கரை மட்டும் அந்த லைனில் நேரடியாகக் கட்டிவிடாதீர்கள்.

முதல் முறை சுவிட்ச் போடும் ஒழுங்கு

மெயின்ஸ் பக்கம் வேலை செய்யும்போது பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை அணைப்பது போதாது. ஃபில்ட்டர் கெபாசிட்டரில் சார்ஜ் நிற்கும். 1 கிலோஓம் 5 வாட் ரெசிஸ்டரை இடுக்கியில் பிடித்து அதன் முனைகளில் அரை நிமிடம் வைத்து, மீட்டரில் பூஜ்ஜியத்துக்கு அருகே வந்ததைப் பார்த்த பின்னரே கை வைக்க வேண்டும். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்யாதீர்கள்.

1. ஸ்பீக்கர் கட்டாமல் (வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு இது பொருந்தாது), இன்புட்டை கிரவுண்டோடு சேர்த்து, வால்யூமைக் குறைத்து வையுங்கள்.

2. மெயின்ஸ் லைனில் 60 வாட் இழை பல்பை சீரிஸாகப் போட்டு சுவிட்ச் போடுங்கள். பல்பு ஒருமுறை மின்னி மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்று எரிந்தால் உள்ளே ஷார்ட், உடனே அணையுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. ஸ்விட்சிங் சப்ளை அடாப்டருக்கும் இந்த முறை ஒத்துவராது.

3. மீட்டரை டிசியில் வைத்து ஸ்பீக்கர் முனைகளுக்கு இடையே அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் ஸ்பீக்கர் கட்டலாம். 100-ஐத் தாண்டினால் காரணம் தேடுங்கள். வோல்ட் கணக்கில் காட்டினால் அந்த ஆம்ப்ளிஃபயரில் ஸ்பீக்கர் கட்டவே கூடாது. 12 வோல்ட் பிரிட்ஜ் போர்டில் ஒரு முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே அளந்தால் 6 வோல்ட் காட்டும், அது இயல்பு. இரண்டு முனைகளுக்கு இடையே உள்ளதுதான் கணக்கு.

4. ஸ்பீக்கரின் பிளஸ் எது என்று தெரியவில்லையா? 1.5 வோல்ட் செல்லை வூஃபரில் ஒரு நொடி தொடுங்கள். கோன் வெளியே வந்தால் செல்லின் பிளஸ் தொட்ட முனைதான் ஸ்பீக்கரின் பிளஸ். இரண்டு ஸ்பீக்கரில் ஒன்று தலைகீழாகக் கட்டப்பட்டால் பேஸ் காணாமல் போய்விடும், ட்வீட்டரில் இந்தச் சோதனை வேண்டாம்.

5. பழைய, விலை குறைந்த ஸ்பீக்கரை முதலில் கட்டிக் குறைந்த சத்தத்தில் கால் மணி நேரம் ஓட்டுங்கள். ஹீட்சிங்கை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். விரலை ஐந்து நொடி வைக்க முடியாவிட்டால் ஹீட்சிங்க் போதவில்லை.

வால்யூமுக்கு எல்லை போடுவது

வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஸ்பீக்கருக்குப் போகலாம் என்ற வோல்டேஜ் கிடைக்கும். 50 வாட் 8 ஓம் என்றால் 400-இன் வர்க்கமூலம், 20 வோல்ட். 30 வாட் 4 ஓம் என்றால் சுமார் 11 வோல்ட். 100 வாட் 8 ஓம் என்றால் 28 வோல்ட்.

ஸ்பீக்கரைக் கழற்றிவிடுங்கள். ஸ்பீக்கர் இருக்கும்போது இதைச் செய்தால் காயிலை நீங்களே எரித்துவிடுவீர்கள். 8 ஓம் 100 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டர் இருந்தால் அதை அவுட்புட்டில் கட்டுங்கள், சூடேறும் என்பதால் சில நொடிகளுக்குள் அளந்து முடியுங்கள். முழு அளவில் பதிவான 100 ஹெர்ட்ஸ் சைன் டோனை ஃபோனிலிருந்து ஓட்டுங்கள். ஃபோன் வால்யூம் முழுதாகவும், பேஸ், டிரெபிள் நடுவிலும் இருக்கட்டும். மீட்டரை ஏசியில் வைத்து, ஆம்ப்ளிஃபயரின் வால்யூமை மெல்ல ஏற்றுங்கள். கணக்கிட்ட வோல்டேஜ் வந்ததும் நிறுத்தி, அந்த இடத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள். 1000 ஹெர்ட்ஸ் டோனில் அளக்காதீர்கள், விலை குறைந்த மீட்டர்கள் அங்கே தப்பாகக் காட்டும். கணக்கிட்ட அளவு வருவதற்கு முன்பே, வால்யூமைத் திருப்பத் திருப்ப வோல்டேஜ் ஏற மறுத்தால் அங்கேயே கிளிப்பிங் தொடங்கிவிட்டது. அப்போது கோடு அந்த இடத்துக்குச் சற்று முன்னால் வர வேண்டும்.

இந்தக் கோடு பேஸ் நடுவில் இருக்கும்வரைதான் செல்லும். பேஸை 6 டெசிபல் ஏற்றினால் அந்தப் பகுதியில் நான்கு மடங்கு வாட் கேட்கிறீர்கள் என்று அர்த்தம். போர்ட் (காற்றுத் துளை) வைத்த பாக்ஸில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பாக்ஸ் டியூன் செய்த ஃப்ரீக்வென்சிக்குக் கீழே கோனைப் பிடித்து நிறுத்தக் காற்று இருக்காது. வாட் எல்லைக்குள் இருந்தாலும் காயில் பின்தகட்டில் இடித்து ‘டக் டக்’ என்று அடிக்கும். 45 ஹெர்ட்ஸுக்கு டியூன் செய்த பாக்ஸ் என்றால் 40-க்குக் கீழே உள்ளதை வெட்டும் சப்சோனிக் ஃபில்ட்டர் போடுங்கள். அது ஸ்பீக்கரையும் காக்கும், ஆம்ப்ளிஃபயரின் வாட்டையும் கேட்கும் ஒலிக்கே மிச்சம் வைக்கும்.

கோளாறு வந்தால்

சத்தம் கூட்டும்போது பாட்டு விட்டு விட்டு வந்தால், பெரும்பாலும் சப்ளை தொய்கிறது அல்லது ஐசி சூட்டில் தன்னைக் காத்துக்கொள்கிறது. பேஸ் அடிக்கும்போது சப்ளையில் மீட்டர் வைத்துப் பாருங்கள். 24 வோல்ட் 18-க்கு விழுந்தால் சப்ளைதான் போதவில்லை. விழவில்லை என்றால் ஹீட்சிங்கையும் ஓமையும் பாருங்கள்.

கருகிய வார்னிஷ் வாடை வந்தால் அது வாய்ஸ் காயில். உடனே வால்யூமைக் குறையுங்கள். ஆறிய பிறகு கோனை இரண்டு பக்கமும் விரல்களால் சமமாக மெல்ல அமுக்குங்கள். உரசும் சத்தம் கேட்டால் காயில் ஊதிவிட்டது, அந்த ஸ்பீக்கரை மறுபடி ஓட்டினால் காயில் ஷார்ட்டாகி ஆம்ப்ளிஃபயரையும் இழுத்துக்கொண்டு போகும்.

ஸ்பீக்கர் லைனில் ஃப்யூஸ் போடலாம். 50 வாட் 8 ஓமில் முழுக் கரண்ட் 2.5 ஆம்பியர், அதற்கு 1.5 அல்லது 2 ஆம்பியர் வேக ஃப்யூஸ். வூஃபரை இது காக்கும். ட்வீட்டரை நம்பகமாகக் காக்காது, ஃப்யூஸ் போவதற்குள் அது போய்விடும். ஆம்ப்ளிஃபயரிலிருந்து டிசி வந்தால் ஸ்பீக்கரைத் துண்டிக்கும் ரிலே உள்ள புரொடெக்ஷன் போர்டு டபுள் சப்ளை ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றுக்கும் வேண்டும். சுவிட்ச் போட்டு இரண்டு மூன்று நொடி கழித்து அந்த ரிலே ‘கிளிக்’ என்று சேரும், ‘தொப்’ என்ற அதிர்ச்சியும் ஸ்பீக்கருக்குப் போகாது.

ஐசி போய் மாற்றினால், புதியதைப் போட்டதும் ஸ்பீக்கரைக் கட்டிவிடாதீர்கள். போன ஐசி கூடவே வேறு சிலவற்றையும் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம்: சப்ளை ஃப்யூஸ், அவுட்புட்டில் உள்ள 10 ஓம் ரெசிஸ்டர், ஒரு பக்க டயோடு. முதலில் ஸ்பீக்கர் காயிலையும் வயரையும் மீட்டரில் அளந்து ஷார்ட் இல்லை என்று பாருங்கள். இரண்டு பக்க சப்ளையும் சமமாக வருகிறதா என்று அளந்து பாருங்கள். பிறகு சீரிஸ் பல்போடு சுவிட்ச் போட்டு, அவுட்புட்டில் டிசி 50 மில்லிவோல்ட்டுக்குள் நிற்பதைப் பத்து நிமிடம் கவனித்துவிட்டு ஸ்பீக்கரைக் கட்டுங்கள்.